முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர். பிரித்தானிய இந்தியாவின் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்ணும் இவரே. தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடியவர் என்ற வகையிலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தையும், தென்னிந்தியாவின் முதல் தனிப் புற்றுநோய் மருத்துவமனையான அடையாறு புற்றுநோய் நிலையத்தையும் தோற்றுவித்தார். கதிர்வீச்சு மருத்துவம் தமிழக மக்களின் கைக்கு எட்டியதில் இவரது பங்கு குறிப்பிடத்தக்கது.

பிறப்பும் இளமையும்

முத்துலட்சுமி 1886 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். இத்திருமணம் காரணமாகத் தந்தை தம் உறவினரிடமிருந்து விலகி வாழ நேர்ந்தது. தாயின் உறவினர் வாழ்க்கையை அருகிருந்து கண்டதால், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களின் நிலையை முத்துலட்சுமி சிறு வயதிலேயே அறிந்திருந்தார்.

பெண்கள் பூப்படைந்தவுடன் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமி வீட்டிலிருந்தே தந்தையிடமும் ஆசிரியர்களிடமும் பாடம் கற்று மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். பின்னர் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் மட்டும் பயின்ற கல்லூரி. ஒரு பெண் சேர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்றும், தாயின் குலத்தைக் காட்டியும் எதிர்ப்புகள் எழுந்தன. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் புறந்தள்ளி 1904 ஆம் ஆண்டு அனுமதி அளித்தார்.

மருத்துவக் கல்வியும் திருமணமும்

1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, உடல்நலக் குறைவுக்கு இடையிலும் சிறப்பாகப் பயின்று 1912 ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றிய பின், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் பார்த்து வந்தார்.

1914 ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளுக்கு அவர் உடன்பட்ட பிறகே முத்துலட்சுமி திருமணத்திற்கு ஒப்புக்கொண்டார். இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி பிற்காலத்தில் புற்றுநோய் மருத்துவராகித் தாயின் கனவை நிறைவேற்றத் துணை நின்றார். நடிகர் ஜெமினி கணேசன் இவருக்கு நெருங்கிய உறவினர்.

தங்கையின் மரணம்

1923 ஆம் ஆண்டு முத்துலட்சுமியின் தங்கை இளம் வயதில் புற்றுநோயால் இறந்தார். தொடக்கத்தில் நோய் சரியாக இனங்காணப்படவில்லை. புற்றுநோய் எனத் தெரிந்தபோது அது முற்றியிருந்தது. தாமே மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாமல் போனது அவரை ஆழமாகப் பாதித்தது.

எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டு அப்போது ஏறத்தாழ 28 ஆண்டுகளும், ரேடியம் கண்டறியப்பட்டு 25 ஆண்டுகளும் ஆகியிருந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்விரண்டும் புற்றுநோய் மருத்துவத்தில் பயன்பட்டு வந்தன. இந்தியாவில் மிகச் சில இடங்களிலேயே இவ்வசதி இருந்தது. புற்றுநோய்க்கென்றே இயங்கும் மருத்துவமனை நாட்டில் ஒன்றுகூட இல்லை. தென்னிந்தியாவில் அத்தகைய மருத்துவமனை ஒன்றை அமைக்க வேண்டும் என்ற எண்ணம் முத்துலட்சுமிக்கு இக்காலத்திலேயே தோன்றியது. அது நிறைவேற 31 ஆண்டுகள் ஆயின.

1925 ஆம் ஆண்டு பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் உயர் பயிற்சி பெற அவர் இலண்டன் சென்றார். அங்கு அரச புற்றுநோய் மருத்துவமனையின் பணிகளையும் கண்டார். அறுவை மருத்துவமும் கதிர்வீச்சு மருத்துவமும் ஒரே இடத்தில் கிடைக்குமானால், தொடக்க நிலையில் வரும் நோயாளிகள் பலரைக் காக்க இயலும் என்ற நம்பிக்கை அவருக்கு வலுப்பெற்றது.

சட்டமன்றப் பணிகள்

இந்திய மாதர் சங்கத்தின் முன்னணி உறுப்பினராக இருந்த முத்துலட்சுமி, சென்னை சட்டமன்றத்திற்கு நியமன உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927 ஆம் ஆண்டு சபையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வு பெற்றார்.

பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பாலியல் வணிகத்திற்காகப் பெண்கள் கடத்தப்படுவதைத் தடுத்தல் ஆகியவற்றுக்காக அவர் சபையில் குரல் கொடுத்தார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தை 1927 ஆம் ஆண்டு கொண்டு வந்தார். காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தி உள்ளிட்ட பலர் இம்முயற்சியை எதிர்த்தனர். தேவதாசிகள் சிலரும் சங்கம் அமைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். பெரியாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஆதரவாக நின்றனர்.

1929 ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கோயில் பணிக்காகத் தேவதாசிகள் அனுபவித்து வந்த மானிய நிலங்கள் அப்பணி செய்ய வேண்டிய கட்டாயமின்றி அவர்களுக்கே உரிமையாயின. பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947 ஆம் ஆண்டே நிறைவேறியது. இச்சீர்திருத்தம் தேவதாசிப் பெண்களின் கலை மரபையும் பொருளாதாரத் தன்னுரிமையையும் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் விமர்சித்துள்ளனர்.

1930 ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி தம் சட்டமன்றப் பதவியைத் துறந்தார்.

அவ்வை இல்லம்

பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியரைச் சேர்த்துக்கொள்ள அக்கால விடுதிகள் மறுத்தன. முத்துலட்சுமி அவர்களுக்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார். இதிலிருந்தே 1930-31 ஆம் ஆண்டுகளில் அவ்வை இல்லம் உருவாயிற்று. பின்னர் அடையாறுக்கு இடம் மாறிய இவ்வில்லம், ஆதரவற்ற சிறுமியர்க்கும் பெண்களுக்கும் உறைவிடமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் நிறுவனமாக வளர்ந்தது.

புற்றுநோய் மருத்துவமனைக்கான முயற்சி

1934 ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கப்பட்டது. இதனால் சென்னையில் கதிர்வீச்சு மருத்துவத்திற்கு ஓர் இடம் கிடைத்தது. எனினும் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிதல், அறுவை, கதிர்வீச்சு, ஆய்வு, பராமரிப்பு அனைத்தையும் ஒருங்கே கொண்ட தனி மருத்துவமனை தேவை என்பதே முத்துலட்சுமியின் கருத்து. 1935 ஆம் ஆண்டு நடந்த சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் இவ்விருப்பத்தை அவர் வெளிப்படையாக அறிவித்தார்.

அவரது கோரிக்கைக்கு அரசு வட்டாரங்களில் ஆதரவு எளிதில் கிடைக்கவில்லை. புற்றுநோய் தீராத நோய், அதற்கென்று மருத்துவமனை கட்டுவது பணத்தை வீணாக்குவது என்ற எண்ணமே பரவலாக இருந்தது. மருத்துவர்களிலும் பலர் அவ்வாறே கருதினர். காசநோய், காலரா, மகப்பேற்று மரணம் போன்றவை அன்று பெரும் சுமையாக இருந்ததால் அரசின் நிதியும் கவனமும் அவற்றின் பக்கமே சென்றன. 1941 ஆம் ஆண்டு மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் தொடர்ந்து வெற்றிடமே நிலவியது.

1949 ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. பொதுமக்களிடமும் செல்வர்களிடமும் நன்கொடை திரட்டப்பட்டது. வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய கிருஷ்ணமூர்த்தியும் இப்பணியில் இணைந்தார். 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 10 ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள் அடையாறு காந்தி நகரில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

தொடக்கத்தில் கட்டடமும் கருவிகளும் பணியாளரும் மிகக் குறைவாகவே இருந்தன. 1955 ஆம் ஆண்டு மருத்துவர் வி. சாந்தா நிலையத்தில் சேர்ந்தார். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதன் பிந்தைய வளர்ச்சிக்குத் தூண்களாக விளங்கினர்.

கோபால்ட் எந்திரம்

இந்தியாவின் முதல் கோபால்ட்-60 தொலைக்கதிர் எந்திரம் 1950களின் பிற்பகுதியில் அடையாறு நிலையத்தில் நிறுவப்பட்டது. கனடாவில் இவ்வகை எந்திரம் கொண்டு முதன்முதலில் மருத்துவம் செய்யப்பட்டது 1951 ஆம் ஆண்டுதான். சில ஆண்டுகளுக்குள் அதே நுட்பம் குடிசை போன்ற சிறு கட்டடங்களில் தொடங்கிய ஒரு தொண்டு மருத்துவமனையை வந்தடைந்தது.

இவ்வெந்திரத்தின் சிறப்பை அறிய அதற்கு முந்தைய முறையை அறிதல் வேண்டும். அதுவரை பயன்பட்ட ஆழ எக்ஸ் கதிர் எந்திரங்கள் ஏறத்தாழ 200 முதல் 250 கிலோவோல்ட்டு அளவில் இயங்கின. இக்கதிர்களின் உச்ச அளவு தோலிலேயே அமைந்தது. உடலின் உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதிய கதிர் சேர்வதற்குள் தோல் வெந்து புண்ணாகி விடும். எலும்புகளும் கதிரை மிகுதியாக உறிஞ்சிக் கொள்ளும். கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டு. இவற்றின் உச்ச அளவு தோலின் மேற்பரப்பில் அன்றி, சுமார் அரை சென்டிமீட்டர் உள்ளே அமைகிறது. ஆகவே தோல் ஓரளவு காக்கப்படுகிறது. ஆழத்தில் உள்ள கட்டிக்கும் கதிர் சென்று சேர்கிறது. கோபால்ட்-60 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5.27 ஆண்டுகள் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூலத்தை மாற்றினால் போதும்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இதன் பயன்

ஆழக் கதிர்வீச்சு எத்தனை இன்றியமையாதது என்பதற்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் தக்க எடுத்துக்காட்டு. உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக் குழாய். மார்பின் நடுவே முதுகெலும்புக்கு முன்னும், மூச்சுக்குழாய்க்கும் இதயத்திற்கும் பின்னும் அமைந்துள்ளது. இதன் வெளிப்புறத்தில் குடலுக்கு இருப்பது போன்ற உறை இல்லாததால் நோய் அண்டை உறுப்புகளுக்கு எளிதில் பரவுகிறது. குழாய் பெரிதும் குறுகிய பின்னரே விழுங்குவதில் தடை தெரியும். முதலில் சோறு இறங்காது. பின் கஞ்சியும், இறுதியில் நீரும் இறங்காது. ஆகவே பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையிலும் உடல் மெலிந்த நிலையிலுமே மருத்துவரிடம் வருகின்றனர். புகையிலை, புகையிலையுடன் கூடிய வெற்றிலை பாக்கு, மது ஆகியவை இந்நோய்க்கு முக்கியக் காரணிகள். இந்தியாவில் செதிள் உயிரணு வகையே மிகுதி.

கோபால்ட் எந்திரம் வந்த பின் இத்தகைய நோயாளிகளுக்குப் பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி மருத்துவம் செய்ய முடிந்தது. விழுங்கும் திறன் பலருக்கு மீண்டது. எனினும் கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே.

முத்துலட்சுமியின் காலத்திற்குப் பின் இத்துறை பெரிதும் மாறியது. நேர்கோட்டு முடுக்கிகள் கூடுதல் ஆற்றலுள்ள கதிர்களைத் தந்தன. கணினி வெட்டுத்தோற்றப் படங்களைக் கொண்டு கட்டியின் வடிவத்தை முப்பரிமாணத்தில் வரைந்து, அதற்கேற்பக் கதிரின் செறிவை மாற்றி அமைக்கும் முறை வந்தது. இதனால் நுரையீரல், இதயம், தண்டுவடம் ஆகியவற்றில் படும் கதிரின் அளவைக் கட்டுப்படுத்த முடிகிறது.

கதிரின் அளவைக் கூட்டுவதைவிட அதனுடன் மருந்தைச் சேர்ப்பதே பெரும் பயன் தந்தது. 1992 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 64 கிரே கதிர் மட்டும் பெற்றவர்களும், 50 கிரே கதிருடன் வேதிமருந்து பெற்றவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஐந்தாண்டுக்குப் பின் முதல் பிரிவில் எவரும் உயிருடன் இல்லை. இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உயிருடன் இருந்தனர். 2002 ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, மருந்துடன் தரும் கதிரை 50.4 கிரேயிலிருந்து 64.8 கிரேயாக உயர்த்துவதால் கூடுதல் பயன் இல்லை எனக் காட்டியது.

2012 ஆம் ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வில், அறுவைக்கு முன் ஐந்து வாரங்களில் 23 தவணைகளாக 41.4 கிரே கதிரும் இரு மருந்துகளும் தரப்பட்டன. அறுவை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 24 மாதங்களாக இருக்க, இம்முறையில் அது 49 மாதங்களாக உயர்ந்தது. செதிள் உயிரணு வகையினர் மிகுந்த பயன் அடைந்தனர். சுரப்பி வகைப் புற்றுநோய்க்கு, அறுவைக்கு முன்னும் பின்னும் வேதிமருந்து மட்டும் தருவது மேலானது எனப் பின்னர் வந்த ஆய்வு காட்டியுள்ளது. அறுவை செய்ய இயலாதவர்களுக்குக் கதிர்வீச்சும் மருந்தும் இணைந்த மருத்துவமே முதன்மையானது. முற்றிய நிலையில் குழாயின் உள்ளேயே கதிர்மூலத்தை வைத்து விழுங்கும் தடையைக் குறைக்கவும் முடிகிறது.

இம்மருத்துவம் வாரத்திற்கு ஐந்து நாட்கள் வீதம் ஐந்து வாரங்களுக்கு மேலும் தொடர்வது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர் போன்று வாரக்கூலியை நம்பி வாழ்வோர் வெகு தொலைவில் தங்கி மருத்துவம் பெறுவதென்றால் கூலியும் போகிறது, தங்கும் செலவும் சேர்கிறது. இடையில் மருத்துவத்தை நிறுத்தினால் பயன் குறைகிறது. எந்திரம் எவ்வளவு சிறந்தது என்பதோடு அது எவ்வளவு அருகில், எவ்வளவு கட்டணத்தில் கிடைக்கிறது என்பதும் நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கிறது. வசதியற்றவர்களும் மருத்துவம் பெற வேண்டும் என்ற நோக்கில் தொடங்கப்பட்ட அடையாறு நிலையம், நோயாளிகளில் பெரும் பகுதியினருக்குக் கட்டணமின்றியோ சலுகைக் கட்டணத்திலோ மருத்துவம் அளித்து வருகிறது.

இறுதிக் காலம்

முத்துலட்சுமி 1954 ஆம் ஆண்டு மாநில சமூக நல வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். 1956 ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. தம் சட்டமன்ற அனுபவங்களையும் தன்வரலாற்றையும் ஆங்கிலத்தில் நூல்களாக எழுதியுள்ளார். முதுமையிலும் அவ்வை இல்லத்தின் பணிகளிலும் புற்றுநோய் நிலையத்திற்கு நிதி திரட்டுவதிலும் ஈடுபட்டிருந்தார். 1968 ஆம் ஆண்டு ஜூலை 22 ஆம் நாள் தமது 81 ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

நினைவும் தாக்கமும்

12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையம் 1975 ஆம் ஆண்டு இந்திய அரசால் மண்டலப் புற்றுநோய் மையமாக அறிவிக்கப்பட்டது. பின்னாளில் அது 500க்கும் மேற்பட்ட படுக்கைகளும் ஆய்வுப் பிரிவுகளும் புற்றுநோய் மருத்துவக் கல்லூரியும் கொண்டதாக வளர்ந்தது. சென்னைப் பகுதியின் புற்றுநோய்ப் பதிவேடும் 1980களின் தொடக்கத்திலிருந்து இங்கு பேணப்பட்டு வருகிறது. கிருஷ்ணமூர்த்தி 2010 ஆம் ஆண்டும், மகசேசே விருது பெற்ற சாந்தா 2021 ஆம் ஆண்டும் மறைந்தனர்.

தமிழக அரசு ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியுள்ளது. அவரது பிறந்த நாளான ஜூலை 30, தமிழக அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படும் என 2019 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

புற்றுநோய் தீராதது என்ற எண்ணம் மேலோங்கியிருந்த காலத்தில், அதைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் தீர்க்க இயலும் என முத்துலட்சுமி நம்பினார். அம்மருத்துவம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் அவரது உறுதியான கருத்து. பிற்கால மருத்துவ வளர்ச்சி முதல் கருத்தைப் பெருமளவு மெய்ப்பித்துள்ளது. இரண்டாவது கருத்தைச் செயல்படுத்தும் பணி அவர் தொடங்கிய நிலையத்தில் தொடர்கிறது.